உப்புத் தடம்

தார்த்துவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
மேசையில் ஒரு ஜெரேனியத் தொட்டி,
உள்ளும் புறமும் கரி பூசிய தகரப் பெட்டி,
பெட்டிக்குள் விரல்நக அகலத்தில்
சிலிக்கன் கண் ஒன்று.

வெளிச்சம் ஊட்டிவிட்டு
விளக்கைச் சட்டென்று அணைத்தால்
இலை உடனே இருண்டுவிடுவதில்லையாம்.
குடித்ததில் கொஞ்சம் கசிய விடுமாம்,
சில நொடி, சிவப்பாய்,
எவர் கண்ணுக்கும் எட்டாமல்.
"அதை எனக்கு அளந்து கொடு" என்றாள் ஹெல்யூ,
தாவரவியல், இரண்டாம் மாடி.
"எவ்வளவு மின்னோட்டம் வரும்?"
"அது உன் வேலை."

கணக்குப் போட்டேன்: இரண்டு பிக்கோ ஆம்பியர்.
இம்மி என்ற சொல்லே
அதற்குப் பக்கத்தில் பருத்துத் தெரிந்தது.

ஒரு கிகா ஓம் தடை வாங்கினேன்,
கண்ணாடிக் குழலில் அடைத்த பிடிவாதம்.
அதன் வழியே அந்த இரண்டையும் நெருக்கினால்
மறுமுனையில் இரண்டு மில்லிவோல்ட் எழும்.
"பத்து கிகா போடேன்" என்றான் ராய்வோ.
போடலாம். குரல் பத்து மடங்கு,
இரைச்சல் மூன்று மடங்கும் சொச்சமும்; லாபம்தான்.
ஆனால் கால்கள் கனத்துவிடும்.
இலை மங்குவதை எழுதச் சொன்னால்
சுற்று தன் சோம்பலை எழுதிக் கொடுக்கும்.

முதல் நாள் அது கத்தியது.
கேட்கச் செய்த காது, கேட்காமல் கத்தியது.
டையோடின் வயிற்றில் தங்கித்
தாமதமாய்த் திரும்பிய தன் குரலை
வேறு யாரோ அழைப்பதாய் எண்ணிப் பதில் சொல்லி,
பதிலுக்கும் பதில் சொல்லி,
தன் வாயால் கெட்ட நுணல்.
அரை பிக்கோ ஃபாரட் போதும் அதை அடக்க.
இழுப்பறையில் அவ்வளவு சிறிய மின்தேக்கி இல்லை.
எனாமல் கம்பி இரண்டை
ஐந்து முறுக்கு முறுக்கிப் பற்றவைத்தேன்.
கொஞ்சம் மந்தம். ஒரு முறுக்கைப் பிரித்தேன்.
வாயை மூடிக்கொண்டு
கேட்க ஆரம்பித்தது.

பிறகு வந்தது வேறொரு வினை.
இலை இல்லை, விளக்கு இல்லை,
பெட்டி மூடியிருக்கிறது. ஒன்பது பிக்கோ.
மழை பெய்தால் பதினொன்று.
மூடி விளிம்பெல்லாம் கறுப்பு நாடா ஒட்டினேன்.
அறை விளக்கை அணைத்தேன்.
குளிர் கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு
நான் நடுங்கினேன்.
ஒன்பது, ஒன்பது, ஒன்பதரை.

நாலாம் நாள் பூதக்கண்ணாடியில் தெரிந்தது:
பதினைந்து வோல்ட் காலுக்கும்
உள்ளீட்டுக் காலுக்கும் நடுவே
ஒரு கட்டைவிரல் ரேகை.
செவ்வாய் மதியம் ராய்வோ
பலகையைத் தூக்கிப் பார்த்தது ஞாபகம் வந்தது.
இடக்கையில் கறுப்பு ரொட்டி,
ரொட்டிமேல் உப்பில் ஊறிய கிலு மீன்.
ஈரக் காற்றைக் குடித்து அந்த உப்பு
பாதை போட்டிருக்கிறது.
பால்டிக் கடல் என் மேசைவரை
வந்துபோயிருக்கிறது.

சாராயத்தில் இரண்டு முறை கழுவி,
அறுபது டிகிரி அடுப்பில் இரவெல்லாம் உலர்த்தி,
உள்ளீட்டுக் காலை வளைத்துத் தூக்கினேன்.
பலகை தொடாமல் அந்தரத்திலேயே பற்றவைப்பு.
மற்ற இடத்தில் செம்பு வேலி, அதே அழுத்தத்தில்.
இரு கரையும் ஒரே மட்டம் என்றால்
வாய்க்காலுக்கு ஓட என்ன அவசரம்?

"அப்போ நாலு நாளாய் அளந்தது என் விரலையா?"
ராய்வோவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.
அந்த வரைபடத்தை நான் அழிக்கவில்லை.
கோப்பின் பெயர்: செவ்வாய், மீன்.

வியாழன் இரவு. தோளில் பனித்தூளோடு ஹெல்யூ.
இலையைக் கிள்ளி வைத்தாள்.
வெளிச்சம். அணைப்பு.
திரையில் ஒரு கோடு விறுவிறுவென்று இறங்கி,
பாதியில் எதையோ நினைத்துக்கொண்டதுபோல்
மெல்ல நடந்தது.
யாரும் பேசவில்லை. அவள்தான் கேட்டாள்:
"கடைசியில் அந்த நீண்ட வால்,
அது இலையா, நீயா?"

நியாயமான கேள்வி.
இலையை எடுத்துவிட்டுக்
கறுப்புத் தாளை வைத்து மறுபடி அணைத்தேன்.
வால் இல்லை.
தரையோடு தரையாய் ஒரு கோடு,
ஆனால் சன்னமாய் ஒரு நடுக்கம்.

"இது?"

"தடையின் சூடு. இந்த அறையின் சூடு.
அதை மட்டும் கழுவ முடியாது."

"அப்படியா" என்றவள் எழுந்துபோய்
ஜன்னலைத் திறந்துவிட்டாள்.